சைலன்சரும் சுபுஹு நேரமும்

மோட்டார் வாகனத்தில் புகை வெளியேறும் குழாய்த் தொகுதி முழுவதையும் நம் மக்கள் 'சைலன்சர்' என்னும் ஒரே சொல்லால் வழங்கி வருகின்றனர். பட்டறையில் இருப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். வீட்டில் இருக்கும் மூதாட்டியும் அப்படித்தான் சொல்கிறார். அமைதிப்படுத்துவது என்பதே அச்சொல்லின் பொருள். அமைதிப்படுத்துவதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஒரு பொருளை, அது மிகவும் அமைதியாக இருக்கிறது என்னும் குறைக்காகக் கழற்றி வைத்துவிட்டு, ஓசை மிகுந்த வேறொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பூட்டுகின்ற காலத்தில் வாழ்கிறோம். இளைஞர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆசையில் நியாயமான பகுதி எது, அயலாரின் உரிமையில் கைவைக்கும் பகுதி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய தேவை அண்மையில் நமக்கு ஏற்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சிங்கப்பூரில் குடியிருக்கும் நம் லாத்தாவின் மகன் டொயோட்டா 86 என்னும் இரு கதவுக் காரை வாங்கியிருந்தான். 1983ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற ஏ.ஈ.86 என்னும் காரின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டு, 2012ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த வகை அது. டொயோட்டாவும் சுபாருவும் கூடி உருவாக்கியது. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களும் நிமிர்ந்து நில்லாமல், பக்கத்திற்கு இரண்டாகப் படுத்திருக்கும். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தொலைவும் 86 மில்லிமீட்டர். பின்புறம் பளபளக்கும் புகைக்குழாயின் வாயைக்கூட அதே அளவில் அமைத்திருக்கின்றனர். ஒரு பெயருக்காக இத்தனை நுணுக்கம் பார்த்தவர்கள், ஓசையில் மட்டும் கவனமின்றி இருந்திருப்பார்களா? இல்லை என்பதைப் பின்னால் காண்போம்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது எளிதன்று. வாகன உரிமைச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அது பத்தாண்டுக்கே செல்லும். பத்தாண்டு முடிந்தால் காரைப் பதிவிலிருந்து நீக்கலாம். அல்லது பணம் கட்டி இன்னும் ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால் அதற்குமேல் நீட்டிப்பு இல்லை. நம் மருமகன் வாங்கியது அவ்வாறு ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்ட பழைய கார். பத்தாண்டு கடந்த காருக்குச் சாலை வரியும் ஏறும். ஆண்டுதோறும் சோதனையும் உண்டு. குறித்த ஆயுளோடு வந்த அந்தக் காரின் மீது அவனுக்கு உண்டான பாசம், கொஞ்ச நாள் விருந்தாளியின் மீது வீட்டார் வைக்கும் பாசத்தை ஒத்திருந்தது.

பள்ளிவிடுமுறைக்கு நாம் லாத்தா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, அவன் ஒரு தாளை விரித்து வைத்தான். எந்தச் சைலன்சரை வாங்குவது என்று நான்கு வகைகளை அதில் எழுதி வைத்திருந்தான். இளமையில் எஞ்சின்களோடு பழகியவர்கள் என்னும் எண்ணத்தில் நம்மிடம் கருத்துக் கேட்டான். லாத்தா சமையலறையிலிருந்தபடியே, "பிள்ளை சுபுஹுக்குப் பள்ளிக்குப் போகிறானே என்று மகிழ்வதா, அவன் போகிற சத்தத்தில் பிளாக்கே விழித்துக்கொள்ளப் போகிறதே என்று அஞ்சுவதா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். வேலைக்குச் செல்லும் நாள்களில் அவன் விடியலுக்கு முன்பே கிளம்பி, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்படியே வேலைக்குச் செல்வது வழக்கம். ஆகவே சிக்கல் முழுவதும் லாத்தாவின் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

முதலில் ஓசை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து ஒழுகி வருவதில்லை. வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் வெடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு வெடிப்புகள். நிமிடத்திற்கு 700 சுழற்சியில் சும்மா நிற்கும்போதே விநாடிக்கு 23 வெடிப்புகள். 7,000 சுழற்சியில் 233. சைலன்சர் இல்லாவிட்டால் இவ்வளவும் நேரே தெருவில் வந்து விழும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897ஆம் ஆண்டிலேயே எஞ்சின் ஓசையை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் 1909ஆம் ஆண்டில் துப்பாக்கிக்கு ஓசையடக்கி கண்டு காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், அதே வழியில் எஞ்சின்களுக்கும் ஓசையடக்கி செய்தார். அவருடைய தந்தையே மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டவர். ஆண்டுக்கணக்கில் துப்பாக்கிகளின் முழக்கத்தோடு வாழ்ந்து செவிப்புலன் கெட்டவர். தந்தையின் ஓசைக்கு மகன் மருந்து தேடியதுபோல் அமைந்துவிட்டது அவ்வரலாறு.

இனி, எஞ்சினிலிருந்து பின்புறம் வரை அக்குழாய்த் தொகுதியை வரிசையாகச் சொல்லிவிடுவோம். எஞ்சினோடு ஒட்டியிருப்பது, நான்கு சிலிண்டர்களின் வாயுவையும் ஒன்றுசேர்க்கும் ஹெடர். இந்தக் காரில் அதனுடனேயே முதல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அமைந்திருக்கிறது. அடுத்த குழாயில் இன்னொன்று. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாக அதனுள் இருக்கும். நச்சுத்தன்மையுள்ள கார்பன் மோனாக்சைடை அது கார்பன் டைஆக்சைடாக மாற்றுகிறது. எரியாத எரிபொருளை எரித்து முடிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகப் பிரிக்கிறது. அதன் பின்னே நடுக்குழாயில் ரெசனேட்டர் என்னும் உருளை. கடைசியில் மப்ளர் என்னும் பெரிய பெட்டி. நாம் சைலன்சர் என்று கைகாட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பெட்டியைத்தான்.

மருமகனின் தாளில் முதலாவதாக இருந்தது, கன்வெர்ட்டர் இல்லாத ஹெடர். அதற்கு அவன் காட்டிய காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. இந்த எஞ்சினில் 3,500 சுழற்சியிலிருந்து 4,500 வரை இழுவிசை சற்றே பள்ளத்தில் இறங்கி எழும். ஹெடரை மாற்றி, எஞ்சினின் கணினிக் கட்டளைகளையும் திருத்தினால் அப்பள்ளம் பெரிதும் நிரம்பும். ஆனால் அதற்காகக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதென்றால், நம் காரின் நஞ்சை அடுத்தவரின் சுவாசத்திற்கு விடுவதாகும். ஆண்டுச் சோதனையில் புகையும் ஓசையும் அளக்கப்படும் நாடு அது. விதியை மீறிய மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் நடவடிக்கையும் உண்டு. "சோதனைக்கு முன் பழையதை மாட்டிவிட்டு, பிறகு புதியதை மாட்டிக்கொள்கிறார்கள் மாமா" என்றான். "சோதனை செய்பவரை ஏமாற்றலாம், காற்றை எப்படி ஏமாற்றுவாய்?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டான்.

இரண்டாவது, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளவை அனைத்தையும் நீக்கிவிட்டு, ரெசனேட்டரே இல்லாமல், ஓட்டைகள் இட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை பொதிந்த மப்ளர் ஒன்றை மட்டும் பூட்டுவது. மூன்றாவது, அதே அளவுக்கு மாற்றினாலும் ரெசனேட்டரை உடைய தொகுதி. நான்காவது, கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றுவது. இம்மூன்றினாலும் வேகம் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. டர்போ இல்லாத இத்தகைய எஞ்சினில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் செய்யும் மாற்றம் தருவது சில குதிரைத்திறன் மட்டுமே. ஏறத்தாழ 200 குதிரைத்திறன் உள்ள காரில் அதை ஓட்டுபவரால் உணரவும் இயலாது. எடை சில கிலோ குறையும். அது மெய்யான ஆதாயம். மற்றபடி காசு கொடுத்து வாங்குவது ஓசையைத்தான். இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டால்தான் நேர்மையாகத் தேர்ந்தெடுக்க இயலும்.

எஞ்சினுக்கு எதிர் அழுத்தம் வேண்டும் என்று ஒரு கூற்றும், குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று மற்றொரு கூற்றும் பட்டறைகளில் உலவுகின்றன. இரண்டுமே சரியல்ல. வாயு விரைந்து ஓட வேண்டும். முன்னே ஓடும் வாயு தன் பின்னால் உள்ளதை இழுத்துச் செல்ல வேண்டும். இரண்டரை அங்குலக் குழாயை மூன்று அங்குலமாக்கினால் உட்பரப்பு 44 விழுக்காடு கூடிவிடும். இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு அத்தகைய அகலம் மிகை. வாயு வேகம் தளர்ந்து, அன்றாடம் ஓட்டும் குறைந்த சுழற்சியில் இழுவிசைதான் குறையும்.

உலோகத்திலும் ஆசை ஏணிவைத்து ஏறுகிறது. 409 வகை எஃகில் குரோமியம் 11 விழுக்காட்டளவு. மேலே துரு படிந்தாலும் நெடுநாள் உழைக்கும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காட்டளவு. துரு எளிதில் அண்டாது. அதற்கும் மேலே டைட்டானியம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டுக் கிராமை நெருங்கும். டைட்டானியம் நான்கரைக் கிராம்தான். சூடு ஏற ஏற நீலமும் ஊதாவுமாக நிறம் காட்டும் அதன் அழகில் மருமகன் மயங்கியிருந்தான். ஐந்தாண்டில் பதிவிலிருந்து நீங்கப் போகும் காருக்கு, காரைவிட நீண்ட ஆயுள் உள்ள குழாய் எதற்கு? பனியும் சாலையில் தூவும் உப்பும் இல்லாத ஊரில் 304 எஃகே தேவைக்கு மேற்பட்டது. வீண்விரயம் என்பதற்கு நம் மார்க்கம் தரும் எச்சரிக்கையை நாம் எடுத்துச் சொல்லவில்லை. கணக்கை மட்டுமே போட்டுக் காட்டினோம். கணக்கே அந்த எச்சரிக்கையைச் சொல்லிவிட்டது.

எஞ்சியது ஓசை. இங்கே ஒரு செய்தி நம்மை வியக்க வைத்தது. இந்தக் காரைச் செய்தவர்கள், எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியிலிருந்து தனியாக ஒரு குழாயை எடுத்து, காரின் உட்புறம் நோக்கி விட்டிருக்கின்றனர். அதன் நடுவே அதிரும் சவ்வு ஒன்று இருக்கிறது. ஓட்டுபவர் முடுக்கும்போது எஞ்சினின் இன்னோசை அதன் வழியே அவர் செவிக்கு வந்து சேரும். வெளியே தெருவில் இருப்பவருக்கு அதனால் தொல்லை இல்லை. இன்பம் யாருக்கோ அவருக்கே ஓசை என்று வகுத்திருக்கின்றனர். அக்காரின் தாயகமான ஜப்பானிலும் 2010 ஏப்ரலுக்குப் பின் செய்யப்பட்ட கார்களில் மாற்றிப் பூட்டும் மப்ளர், கார் முடுக்கப்படும்போது எழும் ஓசைக்கான அளவில் தேறியதாக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. எச்.கே.எஸ்., ஃபுஜிட்சுபோ போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் அவ்விதிக்கு உட்பட்ட மப்ளர்களையே தெருவில் ஓடும் கார்களுக்கு அங்கே விற்கின்றன.

நேர்க்குழாய் வகையை மருமகன் விடுவதாயில்லை. அவனுடைய நண்பர் ஒருவரின் காரில் அதே வகை பூட்டப்பட்டிருந்தது. அதை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்றோம். சனிக்கிழமை முற்பகலில் நண்பர் வந்தார். எதிரே இருக்கும் பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மூன்றாவது தளத்தில், மருமகன் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் காரை நிறுத்தினார். எஞ்சின் முழுவதும் ஆறட்டும் என்று வீட்டிற்கு அழைத்துப் பசியாறச் செய்தோம். பிறகு நண்பர் கீழே சென்றார். மருமகனை அவரோடு போகவிடாமல், ஆறாம் மாடிச் சமையலறைச் சன்னலில் நம்மோடு நிறுத்திக்கொண்டோம்.

கார் ஓசையை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்பது வேறு. சன்னலிலிருந்து கேட்பது வேறு. ஆறிய எஞ்சினைக் கிளப்பும்போது அது வழக்கத்தைவிட விரைந்து சுழலும். கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூட்டை எட்டினால்தான் வேலை செய்யத் தொடங்கும். அதை விரைவில் சூடாக்குவதற்காகவே இந்த ஏற்பாடு. ஆகவே முதல் ஒரு நிமிடம்தான் ஓசை மிகுதி. தாழ்ந்த கூரையும் சிமெண்டுச் சுவர்களும் உள்ள அவ்விடத்தில் கிளம்பிய முழக்கம், இடைவெளியைக் கடந்து நம் கட்டடத்தில் மோதித் திரும்பியது. சன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கிற்று. கீழ் வீட்டுக் கைக்குழந்தை அழத் தொடங்கியது. முற்பகல் பதினொரு மணிக்கே இப்படி. மருமகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சுபுஹுக்கு இது எப்படி இருக்கும் மாமா?" என்று அவனே கேட்டான்.

அந்தக் கட்டடத்தார் யார் என்று இங்கே சொல்ல வேண்டும். கீழ் வீட்டில் இருப்பவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்துவிட்டு வரும் மலாய்த் தாதி. பக்கத்து வீட்டில் தனித்து வாழும் சீன மூதாட்டி. மச்சான் மௌத்தான நாளில், தரைத்தளத் திறந்தவெளியில் வேறு நிகழ்ச்சிக்காக மேசை நாற்காலி போட்டிருந்தவர்கள், ஒரு சொல்லும் கேட்காமல் அவற்றை ஓரங்கட்டி ஜனாஸாவுக்கு இடம் விட்டார்கள். அம்மூதாட்டி மின்தூக்கியின் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றதை லாத்தா இன்றும் சொல்வார். அத்தகையவர்களின் உறக்கத்தை, அதுவும் இறைவணக்கத்திற்குச் செல்கிற வழியில், குலைத்துவிட்டுப் போவதா?

சிங்கப்பூர் முஸ்லிம்களுக்கு இது புதிய கேள்வி அன்று. 1974ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஓசைக் குறைப்பு இயக்கம் நடத்தியபோது, பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன. பாங்கோசை வானொலி வழியாக வீடுகளுக்குள் வந்தது. இன்றும் மலாய் வானொலியில் ஐந்து வக்துக்கும் கேட்கலாம். மினாராவிலிருந்து ஊருக்கே கேட்ட அழைப்பை அயலாரின் பொருட்டு உள்நோக்கித் திருப்பிக்கொள்வது ஒரு சமுதாயத்திற்கு எளிதாக இருந்திருக்காது. பாங்கே அடங்கி ஒலிக்கின்ற விடியலில், அப்பாங்குக்குப் பதில் சொல்லப் போகிறவனின் கார் அடங்காமல் முழங்குவது பொருந்துமா என்று கேட்டோம்.

மருமகன் சும்மா இருக்கவில்லை. "நம் ஊரில் மீலாது மேடைக்கும் கலியாணத்திற்கும் தெருவெங்கும் குழாய் கட்டி நள்ளிரவு வரை முழக்குகிறார்களே, அது மட்டும் பொருந்துமா மாமா?" என்று திருப்பிக் கேட்டான். கேட்டதில் நியாயம் உண்டு. பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தோழர்கள் உரத்த குரலில் குர்ஆன் ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் ஓதுதலால் மற்றவருக்குத் தொல்லை நேராமல் ஓதும்படி பணித்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. இறைவேதத்தின் ஓசைக்கே இந்த வரம்பு என்றால், மேடைக் குழாய்க்கும் உண்டு; சைலன்சருக்கும் உண்டு. இளையவர்களுக்கு ஒரு வரம்பும் பெரியவர்களுக்கு வேறு வரம்பும் இல்லை என்பதை அவனிடம் ஒப்புக்கொண்டோம். அதன்பின் அவன் நம் சொல்லைச் செவிசாய்த்துக் கேட்டான்.

முடிவில் அவன் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வகை. ஹெடரும் கன்வெர்ட்டர்களும் தொடப்படவில்லை. குழாய், காரோடு வந்த அளவை ஒட்டியது. 304 எஃகு. நடுவில் ரெசனேட்டர் உண்டு. அது இல்லாவிட்டால் 2,000 முதல் 3,000 சுழற்சி வரை, அதாவது நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் வேகத்தில், காருக்குள் ஓயாத ரீங்காரம் எழுந்து தலையை வலிக்கச் செய்யும். வாங்குமுன் விதிக்கு உட்பட்டது என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் விதிகளோடு ஒப்பிட்டும் பார்த்துக்கொண்டான். கழற்றிய பழைய தொகுதியைத் துடைத்து வைத்திருக்கிறான். இழை பொதிந்த மப்ளரில் ஆண்டுகள் செல்லச் செல்ல இழை கருகி ஓசை கூடும்; அப்போது பழையதையே மாட்டிவிடலாம் அல்லவா?

ஓசை முன்னைவிடச் சற்றே ஆழ்ந்து, முடுக்கினால் மட்டும் எழுகிறது. எஞ்சினைக் கிளப்பியவுடன் நின்று சூடேற்றாமல், மெல்ல நகர்த்தி, சாலைக்கு வரும்வரை சுழற்சியை 2,000க்கு மேல் ஏற்றாமல் செல்கிறான். முழு ஓசையும் கேட்க ஆசை வந்தால் அதற்கும் இடம் இருக்கிறது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செப்பாங் பந்தயத் திடலில், பணம் கட்டித் தம் காரையே ஓட்டிப் பார்க்கும் நாள்கள் உண்டு. அங்கே ஓசை கேட்க வந்தவர்களே கூடியிருப்பார்கள், உறங்குகிறவர் எவருமில்லை.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் நடையில் நடுநிலையும் குரலில் தாழ்வும் சேர்ந்தே வருவதைக் குர்ஆன் ஓதுவோர் அறிவர். நடைக்கும் குரலுக்கும் சொன்னது, நமக்காக நடந்து நமக்காகக் குரல் கொடுக்கின்ற வாகனத்திற்கும் பொருந்தும் என்றே கருதுகிறோம். நம் குடும்பங்களில் பிள்ளைகள் இத்தகைய ஆசையோடு வரும்போது, கூடாது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆகட்டும் என்று பணத்தை நீட்டிவிடவும் வேண்டியதில்லை. பொருளின் வேலையை அவர்களோடு உட்கார்ந்து அறிந்துகொள்ளுங்கள். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு போய் அண்டை வீட்டின் சன்னல் பக்கம் சிறிது நேரம் நில்லுங்கள். எதை வாங்குவது என்பதை அதன்பின் அவர்களே சொல்லிவிடுவார்கள்.